காற்றை அளந்தவர்கள்

ஒரு மரக்கால் நெல்லை அளந்து வைக்கிறோம். காலையில் அளந்தாலும் நண்பகலில் அளந்தாலும் அது ஒரு மரக்கால்தான். கடற்கரை ஊரில் அளந்த நெல்லை மலையூருக்குக் கொண்டுபோய் அளந்தாலும் அளவு மாறுவதில்லை. தலைதட்டி அளந்தானா, குவித்து அளந்தானா என்று அளப்பவனின் கையைப் பற்றித்தான் அங்கே வழக்கு எழுமே தவிர, நெல்லைப் பற்றி எழுவதில்லை. காற்றின் கதை வேறு. காலையில் பையில் அடைத்து வைத்த காற்று, நண்பகல் வெயில் பட்டதும் பருத்துவிடுகிறது. சமவெளியில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம், கொடைக்கானல் மலைப்பாதையில் ஏற ஏற உப்பிக்கொண்டே போகிறது. உள்ளே ஒருவரும் காற்றைச் சேர்க்கவில்லை. வெளியே எடுக்கவும் இல்லை. ஆயினும் அளவு மாறிவிட்டது.

ஆகவே, இங்கே ஒரு லிட்டர் காற்று இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது பாதிச் செய்திதான். எவ்வளவு அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில், ஈரமாகவா உலர்ந்த நிலையிலா என்பவற்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுச் செய்தியாகும். இந்த எளிய உண்மையைத் திருத்தமாகக் கற்றுக்கொள்ள மனித இனத்துக்கு ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளின் வரலாற்றைப் புரட்டும்போது ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அளக்கப்படும் பொருளை மட்டும் உற்று நோக்கியவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டனர். அப்பொருளைச் சூழ்ந்திருந்தவற்றையும், மற்றவர்கள் பொருட்டாக எண்ணாத சிறு வேறுபாடுகளையும் கருத்தில் கொண்டவர்களே வழியை முடித்து வைத்தனர்.

கீழே காத்திருந்த துறவி

பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியில் பம்பு அமைப்போருக்கு ஒரு சங்கடம் இருந்தது. உறிஞ்சு பம்பினால் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்துக்கு மேல் ஏற்ற முடியவில்லை. கலிலேயோ 1638-இல் வெளியான தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். அவருடைய கடைசி மாதங்களில் உடனிருந்து உதவிய எவாஞ்சலிஸ்தா தோரிச்செல்லி, நீருக்குப் பதிலாகக் கனமான பாதரசத்தைக் கொண்டு இப்புதிரை அணுகினார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிப் பாதரசத் தொட்டியில் தலைகீழாக நிறுத்தியபோது, அது முழுவதும் இறங்கிவிடாமல் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. 1644 ஜூன் மாதம் உரோமை நகரிலிருந்த தம் நண்பர் மிக்கேலாஞ்சலோ ரிச்சிக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். இந்த ரிச்சி பிற்காலத்தில், 1681-இல், கர்தினாலாக உயர்த்தப்பட்டவர். நாம் ஒரு காற்றுக் கடலின் அடித்தரையில் வாழ்கிறோம் என்பதும், அக்கடலின் எடையே பாதரசத்தைத் தாங்கி நிறுத்துகிறது என்பதும் தோரிச்செல்லியின் கருத்து.

கருத்து அழகானதுதான். ஆனால் மெய்ப்பிப்பது எப்படி? கடலின் அடியிலிருந்து மேலே ஏறினால் தலைமேல் உள்ள நீரின் சுமை குறையவேண்டும் அல்லவா? காற்றுக் கடலிலும் அவ்வாறே நிகழவேண்டும் என்று பிரான்சு நாட்டின் பிளேஸ் பாஸ்கல் எண்ணினார். அவர் வேண்டியபடி, அவருடைய தமக்கையின் கணவர் புளோரின் பெரியே, 1648 செப்டம்பர் 19 அன்று கிளெர்மோன் நகருக்கு அருகிலுள்ள பூய்-தெ-தோம் என்னும் மலைமீது பாதரசக் குழாயுடன் ஏறினார். அடிவாரத்தில் 26 அங்குலத்துக்குச் சற்று மேல் நின்ற பாதரசம், உச்சியில் 23 அங்குலத்துக்குச் சற்று மேல்தான் நின்றது. பழைய பிரெஞ்சு அங்குலக் கணக்கிலான இந்த வேறுபாடு நம் கணக்கில் ஏறத்தாழ எட்டரை சென்டிமீட்டர். உச்சியில் வெவ்வேறு இடங்களில், திறந்த வெளியிலும் மறைவிலும், பெரியே மீண்டும் மீண்டும் அளந்து பார்த்தார். அளவு மாறவில்லை.

இச்சோதனையை நூல்கள் விவரிக்கும்போது மலையேறியவரைப் பற்றி விரிவாகச் சொல்கின்றன. கீழே நின்றவரைப் பற்றிச் சொல்வது குறைவு. பவுலா ஊர்ப் புனித பிரான்சிஸ் நிறுவிய மினிம் சபைத் துறவியரின் மடத்துத் தோட்டத்தில் மற்றொரு பாதரசக் குழாய் நிறுத்தப்பட்டிருந்தது. நாள் முழுவதும் அதனருகில் இருந்து, ஏதேனும் மாற்றம் நிகழ்கிறதா என்று கவனிக்கும் பொறுப்பு சஸ்தேன் என்னும் துறவியிடம் ஒப்படைக்கப்பட்டது. அன்று வானிலை நிலையாக இல்லை. வெயிலும் மழையும் மூடுபனியும் காற்றும் மாறி மாறி வந்தன. மாலையில் மலையிலிருந்து இறங்கி வந்தவர்களிடம், தம் குழாயில் எம்மாற்றமும் இல்லை என்று அத்துறவி தெரிவித்தார்.

அவர் கண்டது ஒன்றுமே நிகழாததைத்தான். ஆனால் அந்த ஒன்றுமின்மை இல்லாவிட்டால் மேலே கண்டது பொருளற்றுப் போயிருக்கும். பாதரசம் இறங்கியது உயரத்தினாலா, வானிலை மாற்றத்தினாலா என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. ஒரு காரணத்தை அறிய வேண்டுமானால் மற்றக் காரணங்கள் அசையாமல் இருந்தனவா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். வாயுக்களை அளக்கும் கலையின் முதற்பாடம் அந்த மடத்துத் தோட்டத்தில் கற்பிக்கப்பட்டது எனலாம்.

எதிர்ப்பினால் பிறந்த விதி

இங்கிலாந்தில் ராபர்ட் பாயில், தம் உதவியாளர் ராபர்ட் ஹூக் அமைத்துத் தந்த காற்று வெளியேற்றும் பம்பைக் கொண்டு பல சோதனைகள் செய்து, 1660-இல் ஒரு நூல் வெளியிட்டார். காற்றுக்கு வில்லைப் போன்ற விசை உண்டு, அமுக்கினால் எதிர்த்து நிற்கும், விட்டால் விரியும் என்பது அந்நூலின் சாரம். அதை மறுத்து 1661-இல் ஒரு நூல் வெளிவந்தது. எழுதியவர் லியேஜ் நகரில் ஆங்கிலேய இயேசு சபையினர் நடத்திய கல்லூரியில் கணிதம் கற்பித்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் லைனஸ்.

லைனஸின் மறுப்பை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. காற்றுக்கு எடை உண்டு என்பதையும் விசை உண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் 29 அங்குலப் பாதரசத்தைத் தாங்கும் அளவுக்கு அவ்விசை பெரியதன்று என்றார். இரு முனையும் திறந்த குழாயின் மேல்முனையை விரலால் அடைத்துச் சோதனை செய்து பாருங்கள், விரல் உள்நோக்கி இழுக்கப்படுவதை உணர்வீர்கள். ஆகவே கண்ணுக்குப் புலனாகாத ஒரு நூலிழை உள்ளிருந்து பாதரசத்தைத் தூக்கிப் பிடிக்கிறது என்பது அவர் வாதம். விளக்கம் பிழை, ஆனால் அதிலிருந்து எழுந்த கேள்வி நியாயமானது. காற்றின் விசை எவ்வளவு? பாயில் அதுவரை விசை உண்டு என்று காட்டியிருந்தாரே தவிர, அமுக்கப்பட்ட காற்று எவ்வளவு சுமையைத் தாங்கும் என்று எண்களால் காட்டவில்லை.

விடை சொல்லப் புகுந்த பாயில், ஆங்கில எழுத்தாகிய 'ஜே' வடிவில் வளைந்த நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தார். குட்டையான கை மூடியது. நெட்டையான கை திறந்தது. மூடிய கையில் 12 அங்குல நீளம் காற்றைச் சிறைப்படுத்தி, திறந்த கையின் வழியே பாதரசத்தைச் சிறிது சிறிதாக ஊற்றினார். முதற்குழாய் பாதி வழியில் உடைந்துபோயிற்று. அடுத்த குழாய் மிக நீண்டதாக இருந்ததால் அதை மாடிப்படிக்கட்டில்தான் நிறுத்த முடிந்தது.

கிடைத்த எண்கள் இவை. காற்றின் நீளம் 12 அங்குலமாக இருந்தபோது அதன்மேல் இருந்த அழுத்தம் 29.1 அங்குலப் பாதரசம். நீளம் 6 அங்குலமாகக் குறைந்தபோது அழுத்தம் 58.8 அங்குலம். 3 அங்குலமாகக் குறைந்தபோது 117.6 அங்குலம். இடம் பாதியானால் அழுத்தம் இரட்டிக்கிறது. கால்பங்கானால் நான்கு மடங்காகிறது. 29 அங்குலத்தைக் காற்றினால் தாங்க முடியுமா என்று கேட்டவருக்கு, அதைப்போல் நான்கு மடங்கைத் தாங்கும் காற்று விடையாகக் கிடைத்தது.

1662-இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் பாயில் இந்த அட்டவணையைச் சேர்த்தார். அதில் பாராட்டத்தக்கவை இரண்டு உள்ளன. கணக்கின்படி வரவேண்டிய 58.25, 116.5 என்னும் எண்களையும், சோதனையில் வந்த எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டார், இடைவெளியை மறைக்கவில்லை. மேலும், அழுத்தமும் பருமனும் எதிர்விகிதத்தில் இருக்கலாம் என்ற கருத்து லங்காஷயரைச் சேர்ந்த ரிச்சர்டு டவுன்லியினுடையது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டார். டவுன்லி, தம் சமயத்தின் பொருட்டு இடர்ப்பட்ட கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் வந்தவர். அவரும் மருத்துவர் ஹென்றி பவரும் 1661-இல் பெண்டில் குன்றின்மீது காற்றின் விரிவை அளந்திருந்தனர். அங்கிலிக்கரான பாயில், கத்தோலிக்கரான டவுன்லி, இயேசு சபையினரான லைனஸ் ஆகிய மூவரும் சமயத்தால் பிரிந்து நின்ற காலத்தவர். இன்று நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் பாயில் விதி, ஒருவர் கேள்வியாலும் ஒருவர் ஊகத்தாலும் ஒருவர் உழைப்பாலும் உருவானது என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று.

வெப்பமும் ஈரமும்

பாயில் விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. வெப்பநிலை மாறாதிருக்க வேண்டும். பாயிலே இதைத் தொட்டுப் பார்த்தார். அமுக்கப்பட்ட காற்றிருந்த குழாய்ப் பகுதியில் ஈரத்துணியைச் சுற்றினார். காற்று சற்றுச் சுருங்கியது போலத் தோன்றிற்று. மெழுகுவத்தியின் சுடரைக் காட்டினார். விரிவு நன்றாகவே தெரிந்தது. ஆனால் எவ்வளவு விரிவு என்பதற்கு எண் கிடைக்க மேலும் நூற்று நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

இடையில் வாயுக்களைச் சேகரிக்கும் முறை வளர்ந்தது. ஆங்கிலேய மறைப்பணியாளரான ஸ்டீபன் ஹேல்ஸ், பொருள்களைச் சூடாக்கும்போது வெளிவரும் காற்றை, நீர் நிரப்பிக் கவிழ்த்த கலத்தில் சேர்த்து அளந்தார். அவரது நூல் 1727-இல் வெளிவந்தது. வந்த காற்று எவ்வளவு என்று அவர் மிகப் பொறுமையாக அளந்தார். எத்தகைய காற்று என்று பிரித்தறிய முனையவில்லை. ஜோசப் பிரீஸ்ட்லி நீருக்குப் பதில் பாதரசத்தைப் பயன்படுத்தியபோது, நீரில் கரைந்து மறைந்துபோன அம்மோனியா முதலிய வாயுக்களும் கைக்குக் கிட்டின. அளக்கும் முறையே அளக்கப்படும் பொருளில் ஒரு பகுதியை விழுங்கிவிடக்கூடும் என்பது இதனால் விளங்கிற்று.

1783-இல் பாரிசில் ஷாக் சார்லஸ் என்னும் இயற்பியலார் ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பலூனை உருவாக்கினார். ஆகஸ்டு 27 அன்று ஆளில்லாமல் பறந்த முதல் பலூன், உயரே செல்லச் செல்ல வெளியழுத்தம் குறைய, உள்ளிருந்த வாயு விரிந்து, உறை கிழிந்து, கோனேஸ் என்ற சிற்றூரில் விழுந்தது. அஞ்சிய ஊர்மக்கள் அதைத் தாக்கிச் சிதைத்தனர். டிசம்பர் 1 அன்று சார்லஸ் தாமே ஏறிச் சென்ற பலூனில், விரியும் வாயு வெளியேற வழி விடப்பட்டிருந்தது. பாயில் விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதை முதற்பலூன் கற்பித்துவிட்டது.

இதே சார்லஸ், 1787 அளவில், ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன், கரியமில வாயு, சாதாரணக் காற்று ஆகிய ஐந்தும் ஒரே அளவு சூட்டுக்கு ஒரே அளவாக விரிவதைக் கண்டார். ஆனால் அதை வெளியிடவில்லை. 1802-இல் யோசேப்பு லூயி கே-லூசாக் இதைத் தனியாக ஆராய்ந்து வெளியிட்டபோது, சார்லஸ் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டிருந்தார் என்பதைத் தம் கட்டுரையிலேயே எழுதினார். அச்சில் வராத ஓர் உழைப்புக்கு உரிய பெயர் நிலைத்தது இந்த ஒரு குறிப்பினால்தான்.

கே-லூசாக்குக்கு முன் இதே சோதனையைச் செய்தவர்கள் ஒருவருக்கொருவர் முரணான விடைகளைப் பெற்றிருந்தனர். ஒரு வாயு மிகுதியாக விரிகிறது, மற்றது குறைவாக விரிகிறது என்றனர். பிழை எங்கே என்று கே-லூசாக் தேடினார். அது வாயுக்களில் இல்லை. கலத்தின் உட்சுவரில் ஒட்டியிருந்த நீர்த்துளிகளில் இருந்தது. ஒரு துளி நீர் கொதிநிலையில் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேலாகப் பருக்கிறது. வாயு விரிந்தது என்று எண்ணியவர்கள் உண்மையில் நீராவியையும் சேர்த்து அளந்திருந்தனர். கே-லூசாக் கலங்களையும் வாயுக்களையும் நன்கு உலர்த்தினார். முரண்பாடு மறைந்தது. பனிக்கட்டி உருகும் நிலையில் 100 பங்கான எந்த வாயுவும், நீர் கொதிக்கும் நிலையில் 137.5 பங்காகிறது என்று கண்டார். பிற்கால அளவீடுகள் இதை 136.6 அளவுக்குத் திருத்தின. ஆனால் எல்லா வாயுக்களுக்கும் ஏறத்தாழ ஒரே எண் என்ற உண்மை நிலைத்தது.

ஈரத்தின் பங்கு நம் பள்ளிக்கூட ஆய்வகத்திலும் சிறியதன்று. 30 டிகிரி வெப்பமுள்ள அறையில் நீரின்மேல் சேகரித்த வாயுவில், மொத்த அழுத்தமான 760 மில்லிமீட்டர் பாதரசத்தில் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் நீராவிக்கு உரியது. நூறு பங்கில் நான்கு பங்குக்கும் மேல் நாம் அளக்க எண்ணிய வாயுவே அன்று.

ஒரே நிலையில் வைத்தால்

இதுவரை சொன்னவற்றைப் பார்த்தால் வாயுக்களின் பருமன் நம்பத் தகாத ஒன்றாகத் தோன்றலாம். அழுத்தத்துக்கு ஏற்ப ஒரு பேச்சு, வெப்பத்துக்கு ஏற்ப ஒரு பேச்சு. ஆனால் இங்கேதான் ஒரு வியப்பு காத்திருந்தது. இரும்பு ஒரு விதமாகவும் செம்பு வேறு விதமாகவும் விரிகிறது. வாயுக்களோ எல்லாம் ஒன்றுபோல விரிகின்றன, ஒன்றுபோல அமுங்குகின்றன. நிலையற்றவை எனத் தோன்றியவை, தம்முள் ஓர் ஒற்றுமையைக் கொண்டிருந்தன.

1808-இன் இறுதியில் கே-லூசாக் மற்றொன்றைக் கூறினார். வாயுக்கள் வேதிவினையில் சேரும்போது அவற்றின் பருமன்கள் எளிய முழு எண் விகிதத்தில் இருக்கின்றன. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு பங்கு நீராவியாகின்றன. ஒப்பிடும்போது எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்திலும் ஒரே வெப்பநிலையிலும் வைக்க வேண்டும், அவ்வளவே.

இதன் பொருளை 1811-இல் உணர்ந்தவர் இத்தாலியில் தூரின் நகரத்து அமதேயோ அவகாட்ரோ. வழக்கறிஞர் மரபில் வந்து, இருபதாம் வயதில் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்று, பின்னர் இயற்பியலுக்குத் திரும்பியவர் அவர். ஒரே அழுத்தத்திலும் வெப்பநிலையிலும் சம பருமனுள்ள எல்லா வாயுக்களிலும் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் இருக்கின்றன என்று அவர் முன்மொழிந்தார். எடையற்றது போலத் தோன்றும் ஹைட்ரஜனானாலும் கனத்த கரியமில வாயுவானாலும், நிலையைச் சமப்படுத்திவிட்டால், ஒரு குடுவைக்குள் எண்ணிக்கை ஒன்றுதான். நிலையைச் சொல்லாதவரை பருமன் ஒன்றையும் உணர்த்தாது. சொல்லிவிட்டால், கண்ணால் காணமுடியாத மூலக்கூறுகளையே எண்ணிக் காட்டும்.

அவர் வாழ்ந்த காலத்தில் இக்கருத்துக்கு வரவேற்பு இல்லை. 1856-இல் அவர் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1860 செப்டம்பரில், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் கூடிய வேதியியலார் மாநாட்டில் அவருடைய நாட்டவரான ஸ்தானிஸ்லாவோ கன்னிட்சாரோ இக்கருத்தை எடுத்துரைத்தார். அவருடைய சிறு நூலின் படிகள் அங்கே வழங்கப்பட்டன. அணு எடைகளைப் பற்றிய குழப்பம் அதன்பின் படிப்படியாகத் தெளிந்தது.

ஒரு சிறு குமிழி

1785-இல் ஹென்றி கேவண்டிஷ் ஒரு சோதனை செய்தார். காற்றிலுள்ள நைட்ரஜனோடு ஆக்சிஜனைச் சேர்த்து மின்பொறியைச் செலுத்தி, விளைந்த வாயுவைக் காரக் கரைசலில் கரையச் செய்தார். இறுதியில் எதனோடும் சேராத ஒரு சிறு குமிழி எஞ்சியது. அது மொத்த நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று குறித்து வைத்தார். அது என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆயினும் குறித்து வைத்தார். நூறாண்டுக்கும் மேலாக அக்குறிப்பை எவரும் பெரிதாகக் கருதவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ராலே பிரபு, வாயுக்களின் அடர்த்தியை மிகத் துல்லியமாக அளக்கும் பணியை மேற்கொண்டார். ஒரே கண்ணாடிக் கோளத்தில், ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், உலர்ந்த வாயுவை நிரப்பி எடை போடுவது அவரது முறை. உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றினால் வெளிக்காற்றின் அழுத்தத்தால் கோளமே மிகச் சிறிதளவு சுருங்குகிறது என்பதையும் கண்டு, அதற்கும் திருத்தம் செய்தார். அவ்வளவு நுட்பம்.

காற்றிலிருந்து பிரித்தெடுத்த நைட்ரஜன் அக்கோளத்தில் 2.310 கிராம் எடை காட்டியது. வேதிப்பொருள்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் 2.299 கிராம் காட்டியது. வேறுபாடு 11 மில்லிகிராம்; இருநூறில் ஒரு பங்கு. வேறொருவராக இருந்தால் சோதனைப் பிழை என்று சராசரி எடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். ராலே அதைச் செய்யவில்லை. முதலில் வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்காகத்தான் இருந்தது. அதைக் குறைக்க முயல்வதைவிட, எந்தச் சூழ்நிலையில் அது பெருகுகிறது என்று பார்ப்பதே முறை என்று கருதி, தயாரிக்கும் வழியை மாற்றி, இருநூறில் ஒன்றாகப் பெருகச் செய்தார். இலேசான வாயுவை எட்டு மாதம் அடைத்து வைத்து மீண்டும் எடை போட்டார்; மாறவில்லை. 1892-இல் இப்புதிரை வெளியிட்டு, விளக்கம் தரவல்லோர் உதவுமாறு கேட்டுக்கொண்டார்.

வேதியியலார் வில்லியம் ராம்சே அவரோடு சேர்ந்தார். காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜனைச் சூடான மக்னீசியத்தின்மீது மீண்டும் மீண்டும் செலுத்தி, நைட்ரஜன் முழுவதையும் நீக்கியபோது, எஞ்சியது ஒரு புதிய வாயு. கேவண்டிஷின் குமிழி அது. 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டில் அறிவிக்கப்பட்டது. எதனோடும் வினைபுரியாமையால், சோம்பியிருப்பது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் ஆர்கன் என்று பெயர் பெற்றது. 1904-இல் ராலேக்கு இயற்பியலுக்கும் ராம்சேக்கு வேதியியலுக்கும் நோபல் பரிசுகள் கிடைத்தன.

காற்றில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு ஆர்கன். நாம் இயல்பாக இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் ஒரு சிறு தேக்கரண்டி அளவு ஆர்கன் உள்ளே போய் வெளியே வருகிறது. ஆதி முதல் மனிதர் அனைவரும் அதைச் சுவாசித்தே வந்தனர்; ஒருவரும் அறியவில்லை. எல்லா நிபந்தனைகளையும் ஒழுங்காகச் சமன்செய்து அளந்த ஒருவருக்கே அந்த 11 மில்லிகிராம் பிழையாகத் தோன்றாமல் உண்மையாகத் தோன்றியது. நிபந்தனைகளில் அசட்டையாக இருப்பவர் கையில் எந்தச் சிறு வேறுபாடும் பேசாது. ஏனெனில் அது உண்மையின் குரலா, அசட்டையின் குரலா என்று அவரால் பிரித்தறிய இயலாது.

மூச்சின் கணக்கு

இது அறிஞர்களின் கூடத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர் என்று நம் தலைமுறையினர் பள்ளியில் கற்றோம். இன்றைய பாடநூல்கள் சிலவற்றில் 22.7 என்று இருக்கக் காண்கிறோம். இரண்டும் சரியே. 1982-இல் வேதியியலாரின் பன்னாட்டு ஒன்றியம் திட்ட அழுத்தத்தின் வரையறையை வளிமண்டல அழுத்தத்திலிருந்து அதனினும் சற்றுக் குறைந்த ஒரு பார் அளவுக்கு மாற்றிற்று. அழுத்தம் சிறிது குறைந்ததால் பருமன் சிறிது கூடிற்று. எந்த நிலையில் என்று கேட்காமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்த மாணவனுக்குத்தான் இது முரணாகத் தோன்றும்.

2021-ஆம் ஆண்டின் கோடைக்காலத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், ஆக்சிஜன் உருளைக்காக நம் நாட்டு மக்கள் வரிசையில் நின்றனர். மருத்துவமனைகளில் நாம் காணும் ஆளுயரப் பெரிய உருளையில் நீரை நிரப்பினால் ஏறத்தாழ 47 லிட்டர்தான் கொள்ளும். அதில் ஆக்சிஜனை வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு அழுத்தத்தில் அடைக்கிறார்கள். வெளியே விட்டால் அது ஏறத்தாழ 7,000 லிட்டராக விரியும். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு அது பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அழுத்தமானியின் முள் 150-லிருந்து 50-க்கு இறங்கிவிட்டால் நான்கு மணி நேரம்கூட எஞ்சாது. உருளையோ அப்போதும் அதே உருளைதான். வெளித்தோற்றத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முழுதும் நிறைந்த நிலையிலும் தீரும் தறுவாயிலும் அதனுள் இருக்கும் வாயு அதே 47 லிட்டர் இடத்தையே நிரப்பி நிற்கிறது.

அந்நாள்களில், படிப்பறிவு அதிகம் இல்லாத எத்தனையோ தாய்மாரும் பிள்ளைகளும் படுக்கையருகே அமர்ந்து, இரவெல்லாம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பாயிலின் பெயரை அவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் உருளையின் பருமனைக் கொண்டு உயிரின் கணக்கைப் போட முடியாது, அழுத்தத்தைக் கொண்டுதான் போட முடியும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அடுத்த உருளைக்கு எப்போது சொல்லியனுப்ப வேண்டும் என்பதை அம்முள்ளே அவர்களுக்குச் சொன்னது.

நம் அன்றாடப் பேச்சிலும் அளவுகள் நிறைய உண்டு. இவ்வளவு மதிப்பெண் பெற்றான், இவ்வளவு சம்பாதித்தான், இவ்வளவு கொடுத்தான் என்று மனிதரையும் அளக்கிறோம். எந்தச் சுமையின்கீழ் நின்று அதைச் செய்தான், எந்தச் சூட்டைத் தாங்கிக்கொண்டு செய்தான் என்று கேட்பதில்லை. ஒரு குடுவைக் காற்றைப் பற்றிச் சொல்வதற்கே அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஈரத்தையும் கூறியாக வேண்டும் என்றால், ஒரு மனிதனைப் பற்றி ஒரே எண்ணில் தீர்ப்புச் சொல்லிவிட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?